பிளீச்சிங் மாஸ்டர் தன் தோலை வெளுத்த படலம்

வாழ்க சீனிவாசலு! காடாத்துணிக் குலத்தின் காலனே, கஞ்சிப்பசை கண்டவிடத்துக் கனன்றெழும் காவலனே, சோடாக் கொதிநீர்ச் சாகரத்தில் கெஜம் கெஜமாய்த் துணிகளை மூழ்கடித்து வெண்சங்கின் நிறத்தோடு கரையேற்றிய வெண்மை வேந்தனே, நின் பெருமை நொய்யலாற்று மணலினும் மிகுதி. அதைப் பாடப் புகுமுன் தெய்வ வணக்கம் செய்வது மரபு. ஆனைமுகனை வணங்கலாமென்றால் அவருக்கு யானைத்தோல். அரிப்பின் கொடுமையை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆதலால் தோலையே வணங்குகிறேன். அம்மணி தோலே, உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியிருக்கும் நஞ்சு உள்ளே வராமலும் இரவு பகலாய்க் காக்கும் மெல்லிய மதிலே, கூலி கேளாமல், சங்கம் வைக்காமல், ஒரு நாளும் வேலைநிறுத்தம் செய்யாமல் பாடுபடும் உழைப்பாளியே, இந்தக் கதையில் நீ படப்போகும் பாட்டுக்கு நான் பொறுப்பில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கத்து மில்லொன்றில், நீராவி மேகங்கள் நிலைகொண்டு, சுண்ணாம்பு மணமும் சோடா மணமும் துவந்த யுத்தம் புரியும் சலவைப் பிரிவே நம் தலைவரின் தலைநகரம். அங்கே அவர் பிளீச்சிங் மாஸ்டர். கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கும், அதிகாரம் வந்தால் மில் இங்கிலீஷும், உவகை வந்தால் செந்தமிழும் பேசுவார். தோற்றுப்போனால் கொங்குத் தமிழ் பேசுவார் என்று கேள்வி. ஆனால் அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை.

தறியிலிருந்து இறங்கி வரும் காடாத்துணி பழுப்பாயிருக்கும்; மேலே தண்ணீர் தெளித்தால் ஒட்டாது, முத்து முத்தாய் உருண்டோடும். பருத்தியானவள் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சித் தன் இழைகளுக்குத் தானே பூசிக்கொண்ட மெழுகுக் கவசம் அது. அந்தக் கவசத்தைச் சோடாவில் வேகவைத்து உரித்தெடுத்தால்தான் துணி வெளுப்புக்கு வசப்படும். வெந்து வந்த துணியை விரித்து, மாஸ்டர் நடுவிரலால் ஒரே ஒரு துளி நீர் விடுவார். மொத்தப் பிரிவும் மூச்சடக்கி நிற்கும். துளி உருண்டால் "பெயில்" என்பார். துணி திரும்பவும் கொப்பரைக்குப் போகும். துளி சட்டென்று உள்ளே இறங்கினால் "பாஸ்" என்பார். அன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதி.

இவ்வாறு செங்கோல் ஓச்சிவந்த நாளில், அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டின் கார்த்திகை மாதம், அவருடைய மகள் கோமளாவைப் பெண் பார்க்கப் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மோட்டார்ப் பட்டறை பாலகோபாலும், அவர் மனைவி ரங்கநாயகியும், மகன் ரங்கராஜும். கோமளா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தகப்பனார் சொல்வதில் பாதியைக் கேட்பவள், மறுபாதிக்குக் காரணம் கேட்பவள். மாப்பிள்ளையோ வந்து அமர்ந்தது முதல் பெண்ணைப் பாராமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று அலறிக்கொண்டிருந்தது. "முக்காலி இருக்குங்களா?" என்று கேட்டு வாங்கிப் போட்டு, விசிறியை நிறுத்திவிட்டு ஏறினான், கோமளா கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு விட்டான், "எண்ணெய் போட்டாச் சரியாப் போயிரும்ங்க" என்று சொல்லி இறங்கினான். மறுபடி சுற்றிய விசிறி வாயடங்கிப் போயிற்று. பாடத் தெரியுமா, முறுக்குச் சுற்றத் தெரியுமா என்று கேளாமல் முக்காலி கேட்ட ஆண்மகனைக் கோமளா அதுவரை கண்டதில்லை. அவனைத்தான் கட்டிக்கொள்வதென்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

எல்லாம் இனிதே முடிந்து, தை மாதத்தில் நிச்சயதாம்பூலம் என்று பேசி, வாசற்படி இறங்குகையில்தான் ரங்கநாயகி திரும்பி நின்றாள். "பொண்ணு தங்கமுங்க. நெறந்தான் துளி மட்டு. நிச்சயத்துக்குள்ள கொஞ்சம் பாத்துக்குங்க. நாலு சொந்தக்காரங்க வருவாங்கல்லொ" என்றாள், சர்க்கரையில் தோய்த்தெடுத்த குரலில். அந்த அம்மையாரின் சொந்த நிறத்தைப் பற்றி இக்காவியம் மௌனம் சாதிக்கிறது. மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு நிறமென்று ஒன்று கிடையாது, அந்தஸ்து மட்டுமே உண்டு.

அச்சொல் நாராசமாய்ப் பாய்ந்தது நம் தலைவரின் செவியில். மீசை துடித்தது, முண்டாசு நழுவிற்று, உள்ளத்தின் உட்பறை கடகடவென்று அதிர்ந்தது. வேறு தகப்பனாயிருந்தால் வருந்தியிருப்பான், அல்லது அந்த அம்மாளிடம் நாலு வார்த்தை கேட்டிருப்பான். வெண்மை வேந்தரோ இதை வேலையென்று எடுத்துக்கொண்டார். கூடத்தின் நடுவே நின்று, வலக்கையை உயர்த்தி, "ஊருக்கெல்லாம் வெளுத்த கரம் உற்ற மகளை வெளுக்க மாட்டாதோ! தை பிறக்கட்டும், தும்பைப்பூ நாணட்டும்!" என்று செந்தமிழில் முழங்கினார். மனைவி வெங்கடம்மாள் காபித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வீரத்துக்கு ஆராய்ச்சி துணையாக வேண்டும். மறுநாள் குளிக்கையில் மாஸ்டர் தம் முன்கையைக் கூர்ந்து பார்த்தார். சிறுவாணித் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாய் உருண்டோடியது. ஆகா! தோலும் காடாத்துணியே! அதன்மேலும் ஒரு மெழுகு! அதை உரித்தால் உள்ளே வெண்மை! இத்தனை காலம் மனிதகுலம் அரப்பும் சீயக்காயும் தேய்த்து வீணாய்ப் போயிற்றே என்று ஈரத்துண்டோடு நின்று இரங்கினார். பருத்திக்குக் கவசம் எதற்கு என்று அறிந்த பேரறிஞர், தோலுக்குக் கவசம் எதற்கு என்று மட்டும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாளிக்கு ஒரு பிடி சோடாவென்று அளவு சொல்லி, மகளை அழைத்தார்.

கோமளா வந்தாள், வாளியைப் பார்த்தாள், தகப்பனாரைப் பார்த்தாள். "நான் துணி இல்லைங்கப்பா. அத்தனை நம்பிக்கைன்னா முதல்ல உங்க கையை வெளுத்துக் காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். சவால் கேட்டுப் பின்வாங்கினால் சீனிவாசலு என்ற பெயர் எதற்கு? மணிக்கட்டு முதல் முழங்கை வரை இரு கரங்களையும் வெளுத்துக் காட்டுவதென்றும், அது கண்ட மகள் நாணித் தலைகுனிந்து தானே வாளியிடம் வருவாளென்றும், அதுவரை மேனியில் எண்ணெயென்னும் பகைவன் நிழலையும் படவிடுவதில்லையென்றும் சூரியன் சாட்சியாகச் சூளுரைத்தார். சூரியனுக்கு அன்று வேறு வேலை இருந்தது, மேகத்துக்குள் போய்விட்டது.

இனிக் கேளுங்கள் போர்க்கோலத்தை. முன்னணியில் வெண்பொடித் தானையாய்ச் சலவைச் சோடா. அதன் பின்னே கட்டிச் சவுக்காரமென்னும் மதயானை. வலப்புறம் ஆயிரம் பல் கொண்ட பீர்க்கங்கூடென்னும் வாட்படை. இடப்புறம் கொப்பரை நிறையக் கொதிநீரென்னும் அக்கினிக் கடல். எதிரே நின்றது ஏதுமறியாத ஒரு தோல். செதில்களென்னும் மெல்லிய செங்கற்களை அடுக்கி, இடையிடையே நெய்ப்பசையென்னும் சாந்தைப் பூசி, பிறந்த நாள் முதலாய் அது கட்டிக் காத்துவந்த கோட்டையின்மேல் காலையொரு முறையும் மாலையொரு முறையும் தாக்குதல் நடந்தது. செங்கல்லை விட்டுவிட்டுச் சாந்தையெல்லாம் சோடா கரைத்துக்கொண்டு போயிற்று. சாந்தில்லாத சுவர் எத்தனை நாள் நிற்கும் என்று கொத்தனாரைக் கேட்டால் சொல்லியிருப்பார். மாஸ்டர் கொத்தனாரைக் கேட்கவில்லை.

முதல் வெற்றி விரைவிலேயே வந்தது. தடவினால் கை கண்ணாடிபோல் கீச்சிட்டது. பின்னும் சில நாளில், என்ன அதிசயம், கரங்களின்மேல் வெண்மை படர்ந்தது! மாஸ்டர் பட்டப்பகலில் வாசலில் நின்று கைகளை வானுக்குக் காட்டி, "வெளுத்தது! வெளுத்தது!" என்று வெற்றி முரசு அறைந்தார். கோமளா வந்து பார்த்தாள். அவர் இடக்கையைப் பிடித்து, சுட்டுவிரல் நகத்தால் அதில் ஓர் எழுத்து எழுதினாள். சிலேட்டில் பலப்பம் எழுதியதுபோல வெள்ளை வெளேரென்று ஓர் 'அ' அங்கே நின்றது. "வெளுக்கலைங்கப்பா. வறண்டு போயிக் கெடக்குது" என்றாள். இது பொறாமையின் கூற்றென்று தலைவர் தள்ளிவிட்டார். வெங்கடம்மாள் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறப்பதோ என்று அதை எடுத்துக் கொண்டுபோகச் சொன்னார். மறுநாளும் அவள் கொண்டுவந்தாள், மறுநாளும் அதே பதில்தான்.

மதில் இடிந்த நகருக்குள் மாற்றான் புகுவதற்கு நாள் பார்ப்பதில்லை. மார்கழி கழிந்து, கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கி, ஈரப்பசை அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு வறட்டுக் காற்று வீசத் தொடங்கிய அதிகாலையிலே வந்தான் அரிப்பரசன். வந்தான் என்றா சொன்னேன்? வந்து குடியேறினான், வரி கேட்டான், வாடகை தராமல் உட்கார்ந்தான். முதலில் மணிக்கட்டிலே மெல்லக் கிசுகிசுத்தான். பிறகு முன்கையெங்கும் முரசு கொட்டினான். முழங்கை மடிப்பிலே அவன் பாசறை அமைத்தபோது தோல் சிவந்து, பாளம் பாளமாய் வெடித்து, கோடைக்காலத்து வறண்ட குளமாயிற்று. ஈரம் உள்ளே தங்கவில்லை. சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்தும் கை காய்ந்தே கிடந்தது. வெளியிலிருந்தவையெல்லாம் உள்ளே வந்தன: மில்லின் சோடா ஆவி, சமையலறை மிளகாய்க் காரம், கம்பளிப் போர்வையின் முள், சொந்த வியர்வையின் உப்பு. நேற்றுவரை அவர் கண்டுகொள்ளாத சாமானியர்கள் அனைவரும் இன்று ஈட்டியோடு வந்து குத்தினார்கள். மாஸ்டர் சொறிந்தார். சொறியச் சொறியச் சுகமாயிருந்தது. சுகம் தீர்ந்ததும் இரண்டு மடங்காய் எரிந்தது.

மில்லிலே அளவுகோலால் சொறிந்தார், துணிப்பொதியில் உராய்ந்தார், தூணருகே யாருமில்லாத வேளைகளில் எருமைபோல் நின்றார். ஒன்றும் உதவவில்லை. ஆயினும் எண்ணெயைத் தொடவில்லை. தொட்டால் மகளிடம் தோற்றதாகும். தகப்பன் தோற்றால் குடும்பம் என்னாவது, குடும்பம் சாய்ந்தால் சலவைப் பிரிவு என்னாவது, சலவைப் பிரிவு சாய்ந்தால் இந்த நாட்டின் வேட்டிகள் என்னாவது என்று அவர் சிந்தனை விரிந்தது. நாடு அவரை நம்பியிருப்பதாக அவர் நம்பினார்.

நிச்சயத்துக்குத் துணி எடுக்கக் காந்திபுரம் போய்விட்டுத் திரும்புகையில் டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். எப்படியோ ஓர் ஓரத்தில் ஒண்டி அமர்ந்தார். அமர்ந்ததும் அரிப்பரசன் எழுந்தான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மாஸ்டர் போர் புரிந்தார். பக்கத்திலிருந்தவர் மெல்ல நகர்ந்தார். பிறகு எழுந்து நின்றார். அவருக்கு அடுத்தவரும் எழுந்தார். முன்வரிசையும் காலியாயிற்று. மேன்மக்களுக்கு மக்கள் தாமே வழிவிடுவது இயல்பென்று மகிழ்ந்து, கால்நீட்டி அமர்ந்தார் தலைவர். அப்போதுதான் எதிரே நின்ற ஒருத்தி தன் பெண்குழந்தையை அவர் முழங்காலில் படாதவாறு இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அதன்பின் வீடு வரும்வரை கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

நடந்ததைக் கேட்டாள் வெங்கடம்மாள். ஆண்டு முழுவதும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அந்தச் சொற்சிக்கனச் செல்வி அன்று மொத்தமாய்ச் செலவழித்தாள். "சொறி புடிச்ச வம்சம்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. புள்ளை அந்தப் பையன் மேல உசுரா இருக்கறா. உங்க கௌரவத்துல அவ பொழப்பைக் கரைச்சுப்போடாதீங்க" என்றாள். முதன்முறையாக நம் தலைவருக்குப் பயம் வந்தது. நியாயமாய்ப் பார்த்தால் அப்போதே எண்ணெய்ப் புட்டியைத் திறந்திருக்க வேண்டும். வீரர்களிடம் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது. அவர் தையற்காரரிடம் போய் மணிக்கட்டையும் தாண்டித் தொங்கும் முழுக்கைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார்.

விடிந்தது நிச்சய நாள். வாழைமரம் வாசலில் நின்றது. பவானி ஜமக்காளம் கூடத்தில் விரிந்தது. கோட்டைமேட்டு ரசாக் கடையிலிருந்து வந்த பன்னீர் வெள்ளிச் செம்பில் மணத்தது. பெரியநாயக்கன்பாளையத்தார் இரண்டு காரும் ஒரு வேனுமாய் வந்து இறங்கினர். ரங்கநாயகி சொன்ன நாலு சொந்தக்காரர்களும் தத்தம் நாலு சொந்தக்காரர்களோடு வந்திருந்தனர். சட்டைக்குள் மறைந்திருந்த சேனையோ அக்கணமே ஆர்ப்பரித்தது. மாஸ்டர் என்ன செய்தார்? கைகூப்பினார். வந்தவர்க்கெல்லாம் கைகூப்பினார், கூப்பிய கரங்களை முழங்கை வரை ஒட்டவைத்து மேலும் கீழுமாய் ஆட்டி ஆட்டி வணங்கினார், வணங்கியவர்களையே சுற்றிவந்து மீண்டும் வணங்கினார். சம்பந்திக்கு எத்தனை பணிவு என்று விருந்தினர் வியந்தனர். பணிவு சட்டைக்குள் நெருப்பாய் எரிந்துகொண்டிருந்தது.

பத்திரிகை வாசித்தாயிற்று, வெற்றிலை பாக்கு எண்ணி அடுக்கியாயிற்று. இனித் தட்டு மாற்ற வேண்டியதுதான். இங்கேதான் விதி பதுங்கியிருந்தது. சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் முன்கையில் மற்றவர் சந்தனம் பூசிப் பன்னீர் தெளித்த பின்புதான் அவர்கள் வீடுகளில் தட்டு மாற்றுவது வழக்கம். எத்தனையோ முறை தாமே அமர்ந்து பூசிக்கொண்ட அந்தச் சந்தனத்தை, தையற்காரரிடம் அளவு கொடுத்த நேரத்தில் மாஸ்டர் மறந்துவிட்டிருந்தார். பாலகோபால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கரங்களை நீட்டினார். பட்டறை எண்ணெயில் ஊறிய கருங்காலிக் கரங்கள். மாஸ்டர் சந்தனம் பூசினார், பன்னீர் தெளித்தார். சந்தனம் படாத இடத்தில் பன்னீர் முத்து முத்தாய் உருண்டு ஜமக்காளத்தில் விழுந்தது. பழக்க தோஷத்தால் மாஸ்டரின் உதடுகள் "பெயில்" என்று முணுமுணுத்தன.

"உங்க கையைக் காட்டுங்க, சம்பந்தி" என்றார் பாலகோபால். மாஸ்டர் குளிருகிறது என்றார். சட்டை புதிது என்றார். சந்தனத்தை நெற்றியில் இட்டால் போதாதா என்றார். பாலகோபால் சிரித்துக்கொண்டே உரிமையோடு கைப்பொத்தானைக் கழற்றிச் சட்டையை மேலே தள்ளினார். தள்ளிய கை அப்படியே நின்றது. செதில் செதிலாய் உரிந்து, இடையிடையே செக்கச் செவேலென்று வெடித்துக் கிடந்த அந்தப் போர்க்களத்தைக் கூடமே எட்டிப் பார்த்தது. பாவம், மரியாதைக்காரர் பாலகோபால். என்ன செய்வதென்று தெரியாமல் செம்பைச் சாய்த்துப் பன்னீரைத் தெளித்துவிட்டார்.

ஒரு துளி விழுந்தது. உருளவில்லை. சட்டென்று உள்ளே இறங்கிற்று.

"பாஸ்" என்றார் மாஸ்டர், தம்மையறியாமல். அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. பருத்தி செடியில் இருக்கும்வரை அதற்குக் கவசம் வேண்டும். வெட்டித் தைத்துப் போட்டுக்கொள்ளும் துணிக்குத்தான் வேண்டாம். அவர் கை இன்னும் உயிரோடு செடியில் இருந்தது. அதைப் போய் வேகவைத்திருக்கிறார். அந்தச் சோடா வாளிக்குள்தான் கோமளாவையும் முக்கப் பார்த்திருக்கிறார். நெஞ்சு திடுக்கென்றது. அந்தத் திடுக்கிடலுக்குப் பின்னாலேயே பன்னீரின் எரிச்சல் வந்து சேர்ந்தது.

வந்த வேகத்தை என்னவென்று சொல்ல! நூறு அடுப்பு ஒருசேரப் பற்றியதுபோல், ஆயிரம் செவ்வெறும்புப் புற்று அவிழ்ந்ததுபோல், அடக்கி வைத்த அரிப்பு அனைத்தும் ஒன்றுதிரண்டு எழுந்தது. மாஸ்டர் தட்டை மறந்தார், சபையை மறந்தார், சம்பந்தியை மறந்தார். வலக்கையால் இடக்கையையும் இடக்கையால் வலக்கையையும் மாறி மாறிச் சொறிந்தார், சந்தனம் சிதறிச் சொந்தக்காரர்களின் பட்டுச் சேலைகளில் பொட்டிட்டது, வெற்றிலை பறந்தது, தேங்காய் உருண்டு மாப்பிள்ளையின் காலடியில் போய் நின்றது. அவர் ஓய்ந்து நிமிர்ந்தபோது ஜமக்காளத்தின் முன்வரிசை காலியாயிருந்தது.

ரங்கநாயகிதான் முதலில் பேசினாள். "ஏனுங்க சம்பந்தி, இது என்ன நோவுங்க? முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள். அந்த நிலையிலும் குரலில் சர்க்கரை குறையவில்லை. சொல்லிக்கொண்டே தங்கள் தட்டைத் தன் பக்கமாய் இழுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் செருப்பு எங்கே கிடக்கிறதென்று பார்க்கத் தொடங்கினர். மாஸ்டர் வாயைத் திறந்தார். தெலுங்கும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. அழைக்கும்வரை மணப்பெண் வெளியே வரலாகாது என்ற விதியை ஓரமாய் வைத்துவிட்டு, கோமளா வந்து தகப்பனாரின் பக்கத்தில் நின்றாள். ரங்கநாயகியை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"நோவு இல்லைங்க அத்தை. என் நெறம் மட்டுன்னு சொன்னீங்கல்லொ, அதுக்கு என்னை வெளுக்கறதுக்குச் சோடா கலக்குனாரு. நான் மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். அவரு தன் கையிலயே போட்டுத் தேய்ச்சுக்கிட்டாரு. அதுதானுங்க." தட்டைக் கையால் காட்டினாள். "இந்த நெறத்துக்குச் சம்மதம்னாத் தட்டை மாத்துங்க. இல்லைன்னாலும் ஒண்ணுமில்லைங்க. பலகாரம் எல்லாம் செஞ்சிருக்குது, இருந்து சாப்ட்டுப்போட்டுப் போங்க."

கொங்கு நாட்டிலே கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான் தள்ளுவார்கள். கூடத்திலிருந்த கண்கள் அத்தனையும் மாஸ்டரின் கையை விட்டு ரங்கநாயகியின் முகத்துக்குத் தாவின. அங்கே பூசியிருந்த பவுடர் வியர்வையில் திட்டுத் திட்டாய் விலக, காவியம் இதுவரை காத்த மௌனத்தை அவள் முகமே கலைத்துவிட்டது. சொந்தக்காரி ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடித்தாள். ரங்கநாயகி பார்க்க இடமில்லாமல் மேலே பார்த்தாள். விசிறி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ரங்கராஜ் காலடியில் கிடந்த தேங்காயை எடுத்தான். தாயின் கைப்பிடியிலிருந்த தட்டில் அதை வைத்து, தட்டைத் தகப்பனார் பக்கம் நகர்த்தி, "மாத்துங்கப்பா" என்றான். பாலகோபால் மாற்றினார். ரங்கநாயகி தடுக்கவில்லை, வாயைத் திறந்து ஆசீர்வதிக்கவும் இல்லை. அந்தக் கணக்குப் பின்னாளில் ஒரு நாள் கோமளாவிடம் வரும். அதை அவள் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளையோ மாமனாரின் கையைக் குனிந்து நோட்டம் விட்டான், அன்றைக்கு விசிறியைப் பார்த்த அதே கண்ணோடு. "எண்ணெய் போட்டாச் சரியாப் போயிரும்ங்க, மாமா" என்றான்.

அப்போது கேட்டது கோயமுத்தூர்ச் சீமை அதுவரை கேட்டிராத குரல். மாஸ்டர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். சொரசொரத்த தம் விரல்களுக்குள் அந்த மாநிறக் கை குளுகுளுவென்றிருந்தது. இத்தனை நாளும் அதைத் துளி விட்டுப் பார்க்கும் துணியாகவே பார்த்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாயிருந்தது. அவர் கண் கலங்கியதைக் கோமளா மட்டும் பார்த்தாள். "அந்த எண்ணெயைக் கொஞ்சம் எடுத்தா கண்ணு" என்றார் வெண்மை வேந்தர், சுத்தமான கொங்குத் தமிழில்.

முரசங்களே, முழங்குக! கங்கையும் காவிரியும் நொய்யலும் ஒருங்கே நாணி நிற்க, வெங்கடம்மாளென்னும் வீரமாதேவி சமையலறையென்னும் ஆயுதசாலையிலிருந்து, எத்தனையோ முறை கொண்டுவந்து எத்தனையோ முறை திருப்பியனுப்பப்பட்ட அந்தத் திவ்விய புட்டியை இரு கரங்களிலும் ஏந்தி வர, சோடாப் படை சிதற, சவுக்கார யானை சரிய, பீர்க்கங்கூட்டு வாட்படை புறமுதுகிட, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து பூசும் கொத்தனார்போல மகள் இடக்கரத்திலும் மனைவி வலக்கரத்திலும் மெல்ல மெல்லத் தடவ, கைலாயத்துச் சங்கு ஊதுமா, வைகுந்தத்துக் கதவு திறக்குமா, இந்த மகாயுத்தத்தின் முடிவு என்னாகுமோ என்று ஈரேழு உலகமும் இமைகொட்டாது காத்திருக்க, சாயங்காலத்துக்குள் அரிப்பு நின்றுவிட்டது.